தமிழிலக்கியத்தில் வேனில் நுகர்ச்சி

வேனில் என்ற அளவிலே தமிழ் பயில்வார் உள்ளத்தில் முதற்கண் எழுவது பாலைத்திணையின் நினைவேயாகும். ஆசிரியர் தொல்காப்பியனார் பாலைக்கு நண்பகலையும் வேனிலையும் பொழுதாக வகுத்து, பின்பனியும் அதற்கு உரித்து என அமைத்தார். சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் என உரைகாரர் திங்கள் வரையறை செய்தனர். பாலைக்குரிய உரிப்பொருளோ பிரிவு. ஆகவே வேனிலும் பிரிவும் ஒன்றைவிட்டு ஒன்று நில்லாதன என்னும் எண்ணம் நம் வகுப்பறைகளில் வேரூன்றிவிட்டது. நீர் வற்றிய சுனை, இலையுதிர்ந்த மரம், பரற்கல் பரந்த வழி, பசியால் மெலிந்த செந்நாய் ஆகியனவே வேனிலின் முழு வடிவம் என மாணவர் எழுதுகின்றனர். ஆசிரியராகிய யாமும் தயங்காது மதிப்பெண் இடுகின்றோம்.

யானும் அங்ஙனமே கற்பித்து வந்தவன். சில ஆண்டுகட்கு முன் கருத்தரங்கு ஒன்றில், தமிழ்ப் புலவர்க்கு வேனில் பொறுத்துக் கடக்கும் பருவமேயன்றி நுகரும் பருவம் அன்று என்று துணிந்து கூறினேன். அவையில் மறுத்தார் ஒருவரும் இலர். அஃது என் கருத்தின் வலிமை என அன்று மகிழ்ந்தேன். அண்மையில் முதுகலை மாணவர் ஒருவர், ஐங்குறுநூற்று வகுப்பு முடிந்தபின் என்பால் வந்து, “ஐயா, இளவேனிற் பத்தில் வெயில் எங்கே இருக்கின்றது?” என வினவினார். நூலைப் புரட்டினேன். பத்துப் பாடல்களையும் இருமுறை படித்தேன். வெயில் இல்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. முன்னர்க் கூறியதை மாற்றிக் கூறுதல் ஆராய்ச்சியாளர்க்கு இழுக்கன்று என்னும் துணிவும் இதனை எழுதத் தூண்டிற்று.

வேனிலைத் தமிழ்ப் புலவர் நுகர்ந்தனரா, நுகர்ந்தனராயின் எவ்வாறு நுகர்ந்தனர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. அவர் நுகர்ந்தனர் என்பதும், அந்நுகர்ச்சி பருவம் வந்த அளவில் தானே வாய்ப்பதன்று, பொழுதறிந்து கருதிக் கொள்ளப்படுவது என்பதும் என் முடிபு. அதனாலேயே அது நிறைவின்கண் புலப்படுவதினும் இழப்பின்கண்ணும் இடர்ப்பாட்டின்கண்ணும் தெளிவாகப் புலப்படுகின்றது. பரிபாடலின் வையைப் பாடல்களும் கலித்தொகையின் இளவேனிற் பாடல்களும் இவ்வாராய்ச்சியில் விரிவாகக் கொள்ளப்படவில்லை. அவற்றில் விழாவும் செல்வமும் மிகுதி. பொருட்செலவின்றி எவர்க்கும் வாய்க்கும் எளிய இன்பங்களே, அதாவது நிழல், காற்று, நீர், பூ, நிலவு என்பனவே, இங்கு நோக்கப்படுவன.

முதற்கண் வேனிலைப் பாடாத ஒரு நூலிலிருந்து தொடங்குதல் வியப்பாகத் தோன்றலாம். நக்கீரர் பாடிய நெடுநல்வாடை கூதிர்ப் பாட்டு; வாடையே அதன் உயிர். எனினும் பண்டைத் தமிழகத்து மனைகளில் வேனிலை எவ்வாறு கழித்தனர் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று எனக்குக் கிடைத்திலது. குளிர் வந்தமையால் எவையெவை பயன்படாது கிடந்தன என அப்புலவர் ஒவ்வொன்றாகக் காட்டிச் செல்கின்றார். கைவல்ல கம்மியன் செய்த சிவந்த ஆலவட்டம் சுருக்கப்பட்டு முளையில் தொங்குகின்றது. அதன்மேற் சிலந்தி நூல் பின்னியிருக்கின்றது. வேனிற் காலத்துத் துயிலும் மேல்மாடத்தில் தென்காற்று வரும் சாளரக் கதவு தாழிடப்பட்டிருக்கின்றது. சந்தனமும் அதனை அரைக்கும் வட்டக்கல்லும் ஒருபால் கிடக்கின்றன. குவிந்த வாயையுடைய கன்னலிலுள்ள தண்ணீரைப் பருகுவார் இல்லை. மக்கள் அகன்ற வாய்த் தடவின் நெருப்பை நாடுகின்றனர்.

இவற்றைச் சேர்த்து நோக்குமின். விசிறி ஒன்று, சாளரம் ஒன்று, அரைத்த சந்தனம் சிறிது, குறுகிய வாய்க் கலத்தில் ஊறிக் குளிர்ந்த நீர். அரண்மனைக்கும் வீதிக்கும் பொதுவாக வேனிலை இனிதாக்கியவை இவையே. இவற்றைப் புலவர் நினைவுகூர்வது இவை வேண்டப்படாத காலத்தில். சிலந்தி நூல் படர்ந்த விசிறியைக் கண்டு, அது அசைந்த நாட்களை உணரும் கண் எளிதில் வாய்ப்பதன்று. வேனிலின்கண் இருந்தே வேனிலைப் பாடியிருப்பின் இப்பொருள்கள் இத்துணைத் தனித்தனியே புலவர் கண்ணிற் பட்டிருக்குமா என்பது ஐயமே.

இனி இளவேனிற் பத்துக்கு வருவோம். ஐங்குறுநூற்றில் 341 முதல் 350 வரையுள்ள பாடல்கள் இப்பெயர் பெறுவன, ஓதலாந்தையார் பாடியவை. 1903-இல் உ. வே. சாமிநாதையர் இந்நூலைப் பழைய உரையுடன் பதிப்பித்த நாள்தொட்டு இப்பத்து, பருவங்கண்டு தலைவி இரங்குதல் என்னும் ஒரே துறைக்கு எடுத்துக்காட்டாகப் பயிலப்பட்டு வருகின்றது. பத்துப் பாடல்களும் ஒரே தொடக்கம் உடையன. தலைவர் வரவில்லை, பருவமோ தவறாது வந்துவிட்டது என்பது அத்தொடக்கத்தின் பொருள். பத்தும் முடிவது பொழுது என்னும் சொல்லில். தொடக்கமும் முடிவும் மாறாமையால், இடையில் எஞ்சும் சிறு பகுதியே ஒவ்வொரு பாடலுக்கும் உரிய தனிப்பொருளாகின்றது. அப்பகுதியைத்தான் நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம்.

அதனுள் என்ன இருக்கின்றது? பெண்குயில் இனிய குரலாற் கூவ, ஆற்றின் நுண்மணல் மீது தெளிந்த நீர் நுடங்கி ஓடுகின்றது. வண்டுகள் களித்து ஆட, கரிய அடியையுடைய நுணவம் மணக்கின்றது. நுணவம் என்பது நம் ஊர்ப்புறங்களில் நுணா என வழங்கும் மரமே. அதன் பூவை முகர்ந்து பாராத மாணவர்க்கு இப்பாட்டு உரையால் விளங்காது. கோங்கின் கொழுத்த முகை விரிகின்றது. குரவம், எவரும் செய்யாத பாவையை ஈன்று தருகின்றது; மகளிர் அதனைக் கொய்கின்றனர். புதிதாக மலர்ந்த அதிரல் கூந்தலில் ஏறுகின்றது. பாதிரி அலர்ந்தது கண்டு குயில் கூவி அறிவிக்கின்றது. பொரி போன்ற பூவையுடைய புன்கின் தளிர் மார்பில் அப்பப்படுகின்றது. மராஅம் மலர்ந்த பொழில் கமழ்கின்றது. பொருக்குடைய மாமரத்தின் கிளைகள் மறையுமாறு தீநிறத் தளிர் தோன்றுகின்றது. இறுதியாக வேம்பின் ஒளிமிக்க பூ உதிர்கின்றது. இனிய சொல்லையுடைய தலைவர் வருவதாகத் தெளிவித்துச் சென்ற பொழுது அதுவே.

பத்துப் பாடல்களிலும் தீ என ஒன்று உண்டாயின் அது மாந்தளிரின் நிறத்தில் மட்டுமே உள்ளது.

இப்பத்தினைத் தலைவியின் புலம்பல் என்று மட்டும் கூறி அமைவது போதாது. இவை ஒரு நாட்குறிப்புப் போல்வன. குரவம் பூத்தால் பாவை கொய்ய வேண்டும்; அதிரல் பூத்தால் சூட வேண்டும்; புன்கு தளிர்த்தால் அரைத்துப் பூச வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு செயல் உரியது. ஒவ்வொரு செயலுக்கும் சில நாட்களே உரியன. அந்நாட்கள் கடந்தால் அடுத்த வேனில்வரை அச்செயல் இல்லை. தலைவி இவற்றை முறையாக அறிந்திருக்கின்றாள். அறிந்திராவிடின் இழப்பு இன்னது என அவளால் பத்தாகப் பிரித்துக் கூற இயலாது. வேம்பு பூத்ததும் வெயில் வந்தது என்று மட்டும் அறிபவளுக்கு ஒரு துன்பமே உண்டு, இவளுக்குப் பத்து. அவள் துன்பத்தின் நுணுக்கம் அவள் நுகர்ச்சியின் நுணுக்கத்தை அளந்து காட்டுகின்றது.

இன்பப் பொருள்கள் துணை இன்மையால் துன்பப் பொருள்களாயின, அவ்வளவே என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் பொருள்கள் துன்பமாகத் திரிந்த நிலையிலும் அவள் கண் அவற்றைவிட்டு அகலவில்லை என்பதை அவர் விடையிறாது விடுகின்றனர். பிரிவாற்றாதவள் பூவையும் குயிலையும் வெறுத்துக் கதவடைத்திருக்கலாம். இத்தலைவி ஒவ்வொரு பாட்டிலும் வெளியே நோக்கியே நிற்கின்றாள். தலைவன் வந்தால் காட்டுவதற்கு எண்ணி வைத்திருப்பவளைப் போல் தோன்றுகின்றாள்.

(பாதிரியைப் பற்றி ஒன்று இடையே கூற விரும்புகின்றேன். கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூரின் தலமரம் இதுவே. பின்னர் எடுத்துக்கொள்ளப்படும் திருநாவுக்கரசர் கல்லோடு கடலில் இடப்பட்டுக் கரையேறியதாகச் சேக்கிழார் கூறும் ஊரும் அதுவே. வேனிற்பூவின் பெயரால் அமைந்த ஊரில் அவர் கரையேறியது தற்செயல் நிகழ்ச்சிதான். எனினும் நினைவில் நிற்கின்றது.)

ஆற்றுப்படைகளில் நிழல் பெறும் இடமும் எண்ணத்தக்கது. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் காட்டும் இசைவாணர், வலை விரித்தாற்போன்ற மெல்லிய நிழலில் தங்குகின்றனர். இலையடர்ந்த குளிர்நிழல் அன்று; கிளைகளினூடே வெயில் விழுந்து கண்ணறை கண்ணறையாகக் கிடக்கும் நிழல். சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் மராமரத்தின் வரிவரியான நிழலைக் காட்டுகின்றார். அங்கே, நடந்து மெலிந்த விறலியரின் அடிகளை, வேறு தொழில் கல்லாத இளைஞர் மெல்ல வருடுகின்றனர். அவ்வடிகள் ஓடி இளைத்த நாயின் நாவினை ஒத்தன என்பது புலவர் உவமை. வள்ளலின் பொன்னும் தேரும் இன்னும் தொலைவில் இருக்கின்றன. அவை கிடைக்கும் என்பது உறுதியன்று. கிடைத்தது வரிநிழலும் கைவருடலுமே. பரிசில் பெறும் பகுதியை விரிவாகக் கற்பிக்கும் நாம், இவ்விரண்டு மூன்று அடிகளுக்கு ஒரு மணித்துளியேனும் ஒதுக்குகின்றோமா? நிழல் இல்லை என்று கூறாது, நிழல் இத்தகையது என்று கூறிய புலவர்கள் அவர்கள்.

சிலப்பதிகாரம் இவ்வகையில் தனியே எண்ணத்தகும். 1892-இல் அந்நூல் அச்சேறிய பின்னர் அதன் கால அமைப்பைப் பற்றிப் பலர் ஆராய்ந்துள்ளனர். நான் ஆண்டுக் கணக்கிற் புகவில்லை, திங்கட் கணக்கை மட்டும் நோக்குகின்றேன். புகாரில் இந்திரவிழா சித்திரைத் திங்களில் நிறைமதி நாளில் தொடங்குகின்றது. மதுரை எரிவது ஆடித் திங்கள் தேய்பிறை எட்டாம் நாள். கானல்வரியின் ஊடலும், கோவலன் கண்ணகியோடு புகாரை விட்டு நீங்குதலும், நெடுவழிச் செலவும், கொலையும், வழக்கும், எரியும் இவ்விரு நாட்களுக்கு இடையே நிகழ்வன. உரைகாரர் வரையறுத்த நான்கு வேனில் திங்களும் இவையே. ஆதலின் இக்காப்பியத்தின் நடுப்பகுதி முழுமையும் ஒரே வேனிலில் அடங்கியது எனலாம்.

அவ்வேனிலை யார் நுகர்ந்தனர்? வேனிற்காதையில் இளவேனில் அரசனைப்போல் வருகின்றது. தென்றல் அதன் தூதாக முன் வருகின்றது. நகரில் எல்லாம் இருக்கின்றன. மாதவி மேல்மாடம் ஏறி யாழை எடுக்கின்றாள். பாடத் தொடங்கி மயங்குகின்றாள். பித்திகை முகையையே எழுதுகோலாக்கிச் செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்துத் தாழைமடலில் ஓலை எழுதுகின்றாள். வசந்தமாலை அதனைக் கொண்டு செல்ல, கோவலன் வாங்க மறுக்கின்றான். பூவும், மடலும், யாழும், மாடமும், காற்றும் ஆகிய வேனிலின் கருவிகள் யாவும் ஒருங்கிருந்தும் அங்கே நுகர்ச்சி இல்லை. பொருள்கள் இருந்தால் இன்பம் தானே வந்துவிடும் என்னும் கருத்துக்கு இளங்கோவடிகள் தரும் மறுப்பாகவே இக்காதையை யான் காண்கின்றேன்.

இதனோடு புறஞ்சேரியிறுத்த காதையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இப்போது மாடம் இல்லை, பொருள் இல்லை, கண்ணகியின் கால்கள் கொப்புளித்துள்ளன. வேனிற் பகலின் கதிரை இவள் தாங்கமாட்டாள் என்று கோவலன் உணர்ந்து, இரவில் நிலவொளியில் வழிநடத்தல் நன்று எனக் கவுந்தியடிகளிடம் கூறுகின்றான். நிலவு விளக்காக, புலியும் ஆந்தையும் கரடியும் ஒலிக்கும் வழியில், அவள் கையைத் தன் தோளில் இருத்தி நடக்கின்றான். பொழுதறிந்து நடத்தல் என யான் கூறியது இதுவே. வேனிற்பகல் அவர்க்கு உரியதன்று எனத் தெரிந்து, வேனிலிரவைத் தெரிந்தெடுக்கின்றான். பகலிலே ஓடிய பாதையை இரவிலே நடந்தால் வழி குறைவதில்லை; ஆனால் இக்காப்பியத்தில் கணவனும் மனைவியும் அருகருகே இயல்பாக நடக்கும் பொழுது, புகார் மாளிகையை விட்டபின், இந்நிலவில்தான் வாய்க்கின்றது.

அதே காதையில், மாதவியின் இரண்டாம் ஓலையைக் கௌசிகன் கொணர்கின்றான். கோவலன் இம்முறை வாங்கிப் படித்து அவள்பால் குற்றமில்லை எனத் தெளிகின்றான். அதன்பின் வழியில் பாணர் சிலரைக் கண்டு அவரோடு கூடி, அவர் யாழைத் திருத்தி இசைக்கின்றான். கானல்வரியில் பிரிவுக்கு வாயிலாக இருந்த யாழ். அதற்குப் பின் அவன் யாழைத் தொடுவது இங்கேதான். இசைத்து முடித்து, மதுரைக்கு இன்னும் எத்துணைத் தொலைவு என வினவுகின்றான். பாணர் காதக் கணக்குச் சொல்லவில்லை. மதுரையின் தென்றல் இதோ வந்துவிட்டது, ஊர் தொலைவில் இல்லை என்கின்றனர்.

இத்தென்றலை மனையறம்படுத்த காதையின் தென்றலோடு ஒத்துப் பார்த்தல் பயன்தரும். அங்கே புகாரின் மாளிகையில் கோலச் சாளரத்தின் சிறு கண்வழியே வண்டோடு நுழைந்த தென்றல் பூக்களின் மணத்தையே ஏந்தி வந்தது. மதுரைத் தென்றலிலும் அகிலும் சந்தனமும் பூவும் உண்டு. ஆனால் அதனோடு அட்டிற் புகை கலந்திருக்கின்றது. அங்காடியில் அப்ப வணிகர் பண்ணியம் சுடும் புகையும் கலந்திருக்கின்றது. வேள்விப் புகையும் கலந்திருக்கின்றது. மாளிகைத் தென்றலினும் இதுவே எனக்கு மெய்யான தென்றலாகப் படுகின்றது. நெடுவழி நடந்து பசித்தவன் மூக்குக்குப் பண்ணியம் சுடும் புகை முன்னே எட்டும். புகாரில் இருந்தபோது கோவலன் அப்புகையை அறிந்திருக்கமாட்டான். அறியக் கற்றது இவ்வழியில். கற்றபின் அவனுக்கு எஞ்சியிருந்த நாட்கள் மிகச் சில என்பதைப் படிப்போர் அறிவர், அவன் அறியான். அதனால் அத்தென்றல் பொய்யாகிவிடவில்லை.

இனி இவ்வாராய்ச்சியின் நடுநாயகமாகிய பாடலுக்கு வருகின்றேன். கி.பி. 7-ஆம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசர் அருளிய ஐந்தாம் திருமுறையில் 90-ஆம் பதிகத்தின் முதற்பாடல் அது. தமிழறிந்தார் எவரும் மனப்பாடமாகக் கொண்டிருப்பது. ஆதலின் ஈண்டு எடுத்தெழுதவில்லை. இறைவன் திருவடி நீழல் எத்தகையது எனின், குற்றமற்ற வீணையிசை, மாலைத் திங்கள், வந்து தவழும் தென்றல், பெருகிவரும் இளவேனில், வண்டு மொய்த்து ஒலிக்கும் குளம் ஆகிய ஐந்தினையும் ஒத்தது என்பது அதன் பொருள். பல்லவ மன்னன் ஆணையால் நீற்றறையில் ஏழுநாள் அடைக்கப்பட்டபோது பாடியது என்பது மரபு.

ஐந்தும் ஐம்புலனுக்கு ஒவ்வொன்று எனப் பங்கிட்டுக் காட்டுவது உரைவழக்கு. வீணை செவிக்கு, திங்கள் கண்ணுக்கு, தென்றல் மெய்க்கு என மூன்றும் எளிதிற் பொருந்துகின்றன. எஞ்சிய இரண்டையும் மூக்குக்கும் நாவுக்கும் உரியவாக்க வலிந்து முயல வேண்டியிருக்கின்றது. குளத்தைக் கூறிய புலவர் நீரின் சுவையைக் கூறவில்லை, வண்டின் ஒலியைக் கூறினார். இப்பங்கீடு வகுப்பில் எழுதிப் போடுவதற்கு ஏற்றது. பாடலுக்கு ஏற்றதா என ஐயுறுகின்றேன்.

அதனினும் இன்றியமையாதது அடைமொழிகளின் இயல்பு. ஐந்து பெயர்களுள் ஒன்றேனும் வெறுமையாக நிற்கவில்லை. வீணை என்று அமையாது மாசில்லாத வீணை என்றார். சுதி சேர்ந்து நரம்பு பழுதின்றி ஒலிக்கும் நேரத்து வீணை அது. திங்கள் எப்போதும் உண்டு. அவர் கூறியது மாலையில் எழும் திங்கள், அதாவது வெயில் தணிந்த அளவிலே வரும் திங்கள். தென்றல் வீசிக்கொண்டிருக்கும் தென்றல். வேனில் வீங்கும் வேனில். முதிர்ந்து சுடும் வேனில் அன்று. குளம் வண்டு மொய்க்கும் குளம், எனவே பூத்த குளம். ஒவ்வொரு பொருளும் அதன் நிறைவான பொழுதில் நிறுத்தப்பட்டுள்ளது. ஓதலாந்தையார் பத்துப் பாடல்களைப் பொழுது என்னும் சொல்லில் முடித்து உணர்த்தியதை, நாவுக்கரசர் ஐந்து அடைகளில் உணர்த்திவிட்டார். இவ்வைந்தும் பழகியறிந்த ஒருவர் வாய்மொழியாகவே தோன்றுகின்றன. இன்பத்தை வெறுத்து ஒதுக்கியவர்க்கு மாலைத் திங்களுக்கும் நள்ளிரவுத் திங்களுக்கும் வேற்றுமை தெரியவேண்டுவதில்லை.

துறவுள்ளம் வாய்ந்த அடியார் உலகியல் இன்பத்தை உவமையாக்கியது கேட்போர் நிலைக்கு இறங்கியே என்று கூறுவார் உளர். யானும் ஒருகாலத்து அதனை ஏற்றேன். இன்று ஏற்கக் கூடவில்லை. கேட்போர்க்காக இறங்குவதே கருத்தாயின் பொன்னும் முத்தும் அரியணையும் உவமையாக முன்வந்திருக்கும். பல்லவர் தலைநகரை அறிந்தவர்க்கு அவை அரிய உவமைகள் அல்ல. அவற்றுள் ஒன்றேனும் இல்லை. இங்கு வந்துள்ள ஐந்தனுள் மனிதர் கைவினை வேண்டுவது வீணை ஒன்றே. எஞ்சிய நான்கும் அரசன் கொடுத்து வருவனவல்ல. அரசன் தடுத்து நிற்பனவுமல்ல. நீற்றறையில் அடைக்க ஆணையிட்டவன் மாலைத் திங்களை அடைக்க ஆணையிட முடியாது. மரபு கூறும் சூழலை ஏற்றுக்கொண்டு பாடலைப் படித்தால் இப்பொருள் தானே எழுகின்றது. பாடலுள் நீற்றறையோ அரசனோ குறிக்கப்படவில்லை என்பதும் கருதற்பாலது. வெப்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஐங்குறுநூற்றுத் தலைவியைப் போலவே இவரும் வெயிலைக் கூறாது விட்டார்.

சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் இந்நிகழ்ச்சியைப் பாடியபோது இவ்வைந்தினையும் எடுத்துக்கொண்டார். ஆனால் உவமையின் திசையை மாற்றினார். நாவுக்கரசர்க்குத் திருவடிநீழல் வேனிலை ஒத்தது. சேக்கிழார்க்கு நீற்றறையே இளவேனிலாகவும் குளமாகவும் நிலவாகவும் மாறிற்று. முன்னது உள்ளத்தின் நிகழ்ச்சி, பின்னது அறையின் நிகழ்ச்சி. வரிசையும் மாறியுள்ளது. மூலத்தில் வீணை முதலில் வர, புராணத்தில் வேனிலும் தென்றலும் குளமும் நிலவும் முன்வந்து, யாழொலி இறுதியில் நிற்கின்றது. வெளியே நின்று கதை கூறுபவர்க்கு முதலில் மாற வேண்டுவது வெப்பம். ஆதலின் பருவத்தைத் தொட்டுத் தொடங்கினார் எனலாம். உள்ளே இருந்தவர்க்கோ அடைத்த அறையின் இருளில் முதலில் உதவுவது செவியே. இஃது ஊகம்தான், எனினும் வரிசை மாற்றத்துக்கு ஏதேனும் காரணம் வேண்டும்.

காப்பிய நோக்கில் சேக்கிழார் செய்தது பொருந்தும். ஆயினும் அறை குளிர்ந்துவிட்டது என்று கூறிய அளவில் பாடலின் அருமை சிறிது குறைகின்றது என்பது என் கருத்து. குளிர்ந்த அறையில் குளிர்ச்சியை உணர்தல் எவர்க்கும் இயலும்.

இக்குறையைச் சேக்கிழாரே வேறோரிடத்தில் நிறைவு செய்தார் எனத் தோன்றுகின்றது. திங்களூரில் அப்பூதியடிகள் நாவுக்கரசர் பெயரால் அமைத்த தண்ணீர்ப் பந்தரைப் பாடும் இடம் அது. அங்கே அருட்செயல் ஒன்றும் நிகழவில்லை. மக்கள் செல்லும் வழிக்கரையில் ஒரு பந்தர். அதன் கீழ் நீர். வேனிலின் வருத்தத்தை அது போக்குகின்றது என்றும், நிறைந்த குளம்போற் குளிர்ந்த பரப்பினது என்றும், அருளுடையார் உள்ளத்தை ஒத்தது என்றும் சேக்கிழார் வருணிக்கின்றார். மெல்லிய காற்று வருவதையும் அடுத்துக் கூறுகின்றார். நிழல், குளம், காற்று, வேனில் என அப்பாடலின் பொருள்கள் மீண்டும் ஒன்றுகூடுகின்றன. வீணையும் நிலவும் இல்லை. வழிப்போக்கர்க்கு நண்பகலில் அவை வேண்டுவனவும் அல்ல. நீற்றறைப் பாடலின் உவமப் பொருள்களைக் கீற்றும் மண்ணும் நீரும் கொண்டு ஒருவர் தெருவோரத்தில் கட்டி வைத்தாற்போல் இப்பந்தர் நிற்கின்றது. சித்திரை வந்தால் இன்றும் நம் ஊர்த் தெருக்களில் நீர்மோர்ப் பந்தர் அமைப்போர், தாம் ஒரு தேவார உவமைக்கு உரை எழுதுகின்றோம் என அறியார்.

அவ்விடத்துச் சேக்கிழார் வைத்த நிகழ்ச்சி வரிசையும் நுட்பமுடையது. நாவுக்கரசர் நடந்து வருகின்றார். காற்றுலவும் குளிர்பந்தரையும் அமுதம் போன்ற தண்ணீரையும் பார்த்து உள்ளம் வியக்கின்றார். அதன்பின்னரே பந்தரின் எப்புறமும் எழுதப்பட்டிருந்த தம் பெயர் அவர் கண்ணிற் படுகின்றது. இதனை இப்பெயரிட்டு அமைத்தவர் யாவர் என அங்கிருந்தாரை வினவுகின்றார்.